லங்காஸ்டரில் எட்டாவது ஆள்

எனிட் லெக்கட்டுக்கு ஒரு வியாதி இருந்தது. கண்ணில் பட்டதை எழுதி வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போருக்கு முன் ஹார்ன்காசில் பஸ் கம்பெனியில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு ரசீதில், "கூடை ஒன்று, உள்ளே வாத்து, உயிருடன், கோபமாக" என்று எழுதினாள். வாத்தின் மனநிலை கம்பெனிக்கு எதற்கு என்று மானேஜர் சத்தம் போட்டார். பஸ் லவுத் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வாத்து கண்டக்டரைக் கடித்துவிட்டது. வாத்துக்காரரோ, என் வாத்து பசு மாதிரி சாது, உங்கள் ஆள்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று நஷ்டஈடு கேட்டு வந்தார். ரசீதைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனிட்டுக்குத் தலை கொஞ்சம் கனம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தாள். தோர்ஸ்பி தளத்தில் இருந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவின் அலுவலகத்தில் போட்டார்கள். வேலை, பதிவேடு. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அப்படி ஒன்று உண்டு. முதல் பாகம் நாட்குறிப்பு. இரண்டாம் பாகத்தில், போய் வந்த ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பத்தி: உள்ளே இருந்த ஏழு பேரின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்ன. மாதக் கடைசியில் படைப்பிரிவின் தலைவரான விங் கமாண்டர் கையெழுத்துப் போட்டு லண்டனுக்கு அனுப்புவார். அங்கே யாரும் அதைப் படிப்பதில்லை என்பது தளத்தில் பொதுவான நம்பிக்கை.

எனிட் மட்டும் யாரோ படிக்கப்போகிறார்கள் என்றே டைப் அடித்தாள். அவளுக்கு மேலதிகாரி ஸ்னீத், சமாதான காலத்தில் வக்கீல், எந்நேரமும் கையில் ஒரு நீலப் பென்சில்.

"லெக்கட், இது என்ன? 'மதியம் இரண்டாவது ஓடுபாதையில் நாற்பத்தொரு காட்டு வாத்துகள் இறங்கின. அனுமதி கேட்கவில்லை.'"

"எண்ணிப் பாத்தேன் சார். நாப்பத்தொண்ணுதான்."

"எண்ணிக்கைய நான் சந்தேகப்படல. வெளிய போர் நடக்குது."

"அதுவும் எழுதியிருக்கேன் சார். அடுத்த வரியில."

ஸ்னீத் பென்சிலைத் தூக்கினார், வாத்துகளைப் பார்த்தார், பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். இப்படியே விங் கமாண்டரின் நாய் பிஷப்பைக் கடித்தது, சமையலறைப் புகைபோக்கியில் ஆந்தை குடியேறியது எல்லாம் அரசாங்க ரகசியமாக லண்டன் போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு கறாரானவள் ஒரே ஒரு இடத்தில் சோம்பல்பட்டாள். விமானத்துக்குள் போகிற ஏழு பேரும் பெரும்பாலும் ஒரே கூட்டம். மாறுவதில்லை. அதனால் முந்தைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்களை அப்படியே அடித்துவிடுவாள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் வேறொருவன் போனால், ஆள் அனுப்பும் அறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரவேண்டும். அவசரத்தில் சீட்டு எங்கே வரும்? எல்லாப் படைப்பிரிவிலும் எல்லாக் குமாஸ்தாக்களும் இப்படித்தான் செய்தார்கள். அதனால் இது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை, கிளெம் ஆட்டர்பிக்குத் தோன்றும் வரை.

கிளெம், ஹல் நகரத்துக்காரன், மீன் சந்தையில் வளர்ந்தவன், விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுகிற துப்பாக்கிக்காரன். கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்த ஒரு நாளில் அவனுடைய கூட்டம் அவன் இல்லாமல் போய்த் திரும்பவில்லை. அதன்பின் அவன் உதிரி. எந்த விமானத்துக்கு வால் ஆள் இல்லையோ அதற்கு அவன். நாற்பத்து நாலு ஏப்ரலில், ஒரு புதன்கிழமை காலை, தன் பறப்பு நோட்டை எனிட்டின் மேஜைமேல் போட்டான்.

"கார்ப்பரல், என்னைக் கொல்றதுக்கு ஜெர்மன்காரன் சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கான். நீங்க வேற எதுக்குச் சிரமப்படணும்?"

"நான் என்ன பண்ணேன்?"

"முப்பது தடவ போயிட்டு வந்தா ஓய்வு. நான் முப்பது முடிச்சாச்சு. விங் கமாண்டர் கையெழுத்துப் போடமாட்டேங்குறார். உங்க புத்தகத்துல இருபத்தொம்பதுதானாம்."

"எந்தத் தேதி?"

"பிப்ரவரி பதினஞ்சு. யார்க்கோட விமானத்துல போனேன்."

எனிட் தாளைப் புரட்டினாள். யார்க்கின் விமானம், வால் துப்பாக்கி: சார்ஜன்ட் டன்னட்.

"டன்னட்னு இருக்கே."

"இருக்கும். அன்னிக்கு அவனுக்குப் பொன்னுக்கு வீங்கின்னு டாக்டர் தனியறையில அடைச்சாரு. நாலு நாள் கழிச்சுப் பாத்தா வெறும் கடவாப்பல்லு. அவன் சீட்டுல ஏழு மணி நேரம் வெறச்சுக் கெடந்தது நான். பேரு மட்டும் அவனுக்கு."

எனிட்டுக்கு முகம் சுட்டது. முந்தைய தாளைப் பார்த்து அடித்த பெயர். அடுத்த பறப்பு வெள்ளிக்கிழமை. அந்த வசந்தத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் இரண்டு மூன்று விமானங்களாவது திரும்பாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் அடித்த ஒரு வரியால் கிளெம் இன்னொரு முறை வாலில் ஏறவேண்டும்.

"சாட்சி கொண்டுவரேன்" என்று சைக்கிளை எடுத்தாள்.

யார்க்கும், டன்னட்டைத் தவிர அவனுடைய ஆட்களும் முப்பதை முடித்து ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போயிருந்தார்கள். டாக்டரின் பதிவேட்டில் அந்தப் பக்கமே இல்லை. கடவாய்ப்பல்லைப் பொன்னுக்கு வீங்கி என்று எழுதிய பக்கத்தை எந்த டாக்டர் வைத்திருப்பார்? கடைசியில் சமையலறைக்குப் போனாள். அங்கே பெஸ்ஸி ஹாய்ல் ஆட்சி. பறந்துவிட்டு வருகிறவர்களுக்குக் காலையில் ஒரு முட்டை உண்டு. ஊரே முட்டைப் பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த காலம். தரையில் வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் இரவல் தோல் கோட்டு போட்டு வந்து முட்டை அடித்துக்கொண்டு போனதால், பெஸ்ஸி ஒரு நோட்டு வைத்து, விமானம் வாரியாகக் கையெழுத்து வாங்கித்தான் முட்டை கொடுத்தாள்.

"என் நோட்டுல பொய் இருக்காதுடி" என்றாள் பெஸ்ஸி. "உன் புத்தகத்துக்கு என்ன, பேரு அடிச்சா அடிச்சதோட சரி. இங்க பேரு போட்டா முட்டை குடுக்கணும்."

பிப்ரவரி பதினாறு காலை, யார்க்கின் விமானம், ஏழு முட்டை, ஏழு கையெழுத்து. ஏழாவது கிளெம் ஆட்டர்பி. பக்கத்தில் பெஸ்ஸியின் கோணல் எழுத்தில், "இன்னொன்று கேட்டார். கிடையாது என்றேன்."

எனிட்டுக்குப் பொறாமையாக இருந்தது. தன் பதிவேட்டைவிட முட்டை நோட்டு சுத்தமாக இருக்கிறதே என்ற பொறாமை. அந்தப் பக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டு சைக்கிளில் பாதி தூரம் வந்தபோதுதான் அடுத்த விஷயம் உறைத்தது. கிளெம் பெயரைப் போட்டால் டன்னட் பெயரை எடுக்கவேண்டும். எடுத்தால் டன்னட்டின் முப்பது, இருபத்தொன்பது ஆகும். அவன் கூட்டமே கலைந்துபோய்விட்டது. வெள்ளிக்கிழமை உதிரியாக அவன் போகவேண்டும்.

நேராக டன்னட் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். கிளெம்மும் என்ன ஆயிற்று என்று பின்னாலேயே வந்துவிட்டான். டன்னட் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமை லவுத் தேவாலயத்தில் அவனுக்குக் கல்யாணம். முட்டை நோட்டின் பக்கத்தைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"யாராவது வந்து கேப்பாங்கன்னு தினமும் நெனப்பேன்" என்றான். "யாரும் கேக்கல. நானும் சொல்லல. மாத்திடுங்க கார்ப்பரல். நான் போறேன்." கையிலிருந்த காலுறையை மடிக்க முயன்றான். மடிபடவில்லை.

"எங்கடா போற?" என்றான் கிளெம். "கல்யாணத்த வெச்சுக்கிட்டு."

"உன் பறப்புதானேடா அது."

"உன் பறப்ப எடுத்து எனக்குக் குடுங்கன்னு நான் கேட்டேனா? ஒரு கையெழுத்துதானே கேட்டேன். சரி விடு, நானே போறேன். பழகின குளிருதான்."

"நீதான் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டியே."

"அப்ப ரெண்டு பேரும் ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்து போவமா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் எனிட். தப்பு அவளுடையது. அதற்கு இவர்களில் ஒருவன் உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சைக்கிளை மிதித்து அலுவலகத்துக்குப் போனாள். இயந்திரத்தில் ஒரு புதுத் தாளும் இரண்டு கார்பனும் செருகினாள். பிப்ரவரி பதினைந்து, யார்க்கின் விமானம், திருத்தம். டன்னட்டின் பெயரை அப்படியே விட்டாள். அதன் கீழே எட்டாவது வரியாக அடித்தாள்: சார்ஜன்ட் ஆட்டர்பி, கூடுதல் துப்பாக்கிக்காரர்.

வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் பொய். வாத்துக்குக் கோபம் வந்ததைக்கூட உறுதிப்படுத்திக்கொண்டு எழுதியவள்.

ஸ்னீத் அந்தத் தாளை வெகு நேரம் படித்தார். ஒன்பது வரித் தாளுக்கு அது அதிகம்.

"ஒரு வாத்து விடாம எண்ணின ஆளு, முழுசா ஒரு மனுஷன எண்ண மறந்துட்டீங்க."

"ஆமா சார். பிழை என்னுது."

"லங்காஸ்டர்ல ஏழு சீட்டு. எட்டாவது ஆள் எங்க உக்காந்தாரு?"

"அடிவயித்துல சார். கீழ பாக்குற துப்பாக்கி."

"நம்ம விமானத்துல அப்படி ஒண்ணு இருக்கா?"

"எனக்கென்ன சார் தெரியும்? நான் டைப் அடிக்கிறவ."

ஸ்னீத் நீலப் பென்சிலை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். தாளை எடுத்துக்கொண்டு தானே விங் கமாண்டரிடம் போனார். பத்து நிமிடத்தில் கையெழுத்தோடு வந்தார். வக்கீல்களைப் பற்றி எனிட் வைத்திருந்த அபிப்பிராயம் அன்று மாறியது.

வியாழக்கிழமை இருவரும் கிளம்பிப் போனார்கள். கிளெம், யாரும் பார்க்காதபோது அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். இது பதிவாகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு விமானத்தின் வால் ஆளுக்குக் காது சீழ் பிடித்துவிட்டது. உதிரி இல்லை. அன்று மட்டும் ஓய்வில் இருந்த இன்னொரு கூட்டத்திலிருந்து ரூபன் பாஸ்க் என்ற இருபது வயதுப் பையனைப் பட்டியலில் போட்டு அனுப்பினார்கள். அந்த விமானம் திரும்பவில்லை. மறுநாள் அந்தப் பத்தியை எனிட் முந்தைய தாளைப் பார்த்து அடிக்கவில்லை. ஆள் அனுப்பும் அறைக்கு மூன்று முறை நடந்து போய், ஒவ்வொரு பெயராகக் கேட்டுச் சரிபார்த்து அடித்தாள். அந்த வால் இருக்கை யாருடையதாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிளெம்மோ டன்னட்டோ இருக்கவேண்டிய இடம். அதன்பின் ஒரு மாதம் பதிவேட்டில் வாத்து எதுவும் இறங்கவில்லை.

போர் முடிந்தது. எனிட் பழைய பார்சல் அலுவலகத்துக்கே திரும்பினாள். இரண்டு பேர் கல்யாணத்துக்குக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஞாபகசக்தி போதாது என்று சொல்லிவிட்டாள். பார்சல் சீட்டுகளில் பூனைகளின் குணம் முதல் பாலாடைக்கட்டியின் வாசனை வரை எழுதி, முப்பது வருடம் கழித்து ஓய்வு பெற்றாள்.

எழுபத்தெட்டாம் வருடம் கார்பட் என்பவர் கதவைத் தட்டினார். பூகோள ஆசிரியர். பன்னிரண்டு வருடமாக அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறவர். லண்டனில் பதிவேடுகளை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

"மிஸ் லெக்கட், உங்க பதிவேடு மாதிரி எங்கயும் கெடையாது" என்றார், அவள் வைத்த பழ ரொட்டியை வாயில் வைத்தபடியே. "மத்த எடத்துல எல்லாம் போனாங்க, வந்தாங்க, அவ்வளவுதான். ஒரு பைலட்டோட டைரி எங்கிட்ட இருக்கு, தேதியே போடாத மனுஷன். 'இன்று ஓடுபாதையில் ஒரே வாத்து'ன்னு எழுதியிருக்கான். உங்க நாப்பத்தொரு வாத்த வெச்சுத்தான் அந்த டைரி முழுக்கத் தேதி போட்டேன்."

எனிட்டுக்கு ஸ்னீத் உயிரோடு இல்லையே என்று இருந்தது.

"ஆனா பெரிய விஷயம் ஏழாவது அத்தியாயம்" என்று கார்பட் ஒரு கோப்பைத் திறந்தார். "பிப்ரவரி பதினஞ்சு. எட்டு பேர். அடிவயித்துத் துப்பாக்கி அவ்வளவு சீக்கிரமே இங்க வந்துடுச்சுங்கறதுக்கு உலகத்துலயே இது ஒண்ணுதான் ஆதாரம். இருபத்துநாலு பக்கம் எழுதியிருக்கேன். படம் வேற வரைஞ்சிருக்கேன். கனடாவுல ஒருத்தன் இல்லவே இல்லைங்கறான். அவன இத வெச்சுத்தான் மடக்கப்போறேன்."

படம் அழகாக இருந்தது. எட்டாவது ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான், கிளெம்மைவிட ஒல்லியாக. எனிட்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோப்பின் அடியில் இருந்த கடிதத்தை அவர் எடுக்கும்வரை வந்தது.

"இது ரூபன் பாஸ்க்னு ஒரு பையனோட அக்கா, ஹெட்டின்னு. ஸ்வாஃபம் ஊர். தன் கூட்டம் ஓய்வுல இருந்தப்ப தம்பி ஏன் முன்னபின்ன தெரியாதவங்களோட போனான்னு வருஷா வருஷம் யாருக்காவது எழுதிக் கேக்குறாங்க. பணியின் தேவை காரணமாகன்னு பதில் போட்டுடலாம்னு இருக்கேன்."

"வேண்டாம்" என்றாள் எனிட்.

சொல்லி முடிக்க இரண்டு கெட்டில் தேநீர் ஆயிற்று. கார்பட் ஏழாவது அத்தியாயத்தை மெதுவாக மூடினார்.

"இருபத்துநாலு பக்கம்" என்றார்.

"படம் நல்லா இருக்கு."

"கனடாக்காரன்கிட்ட என்ன சொல்ல?"

"அவர் சொன்னது சரின்னு சொல்லுங்க."

"புத்தகத்துல மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நெசம். கிளெம் செத்துப்போயி ஒம்பது வருஷமாச்சு. டன்னட்டுக்கு மூணு பசங்க. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்த அத்தியாயத்த மாத்தி எழுதுங்க. அந்த அம்மாவுக்கு நான் எழுதறேன்."

அன்று பிற்பகலே எழுதினாள். உங்கள் தம்பி அன்று போனதற்குக் காரணம் நான், என்று முதல் வரி. எட்டாவது பெயரை எப்படி அடித்தாள், ஏன் அடித்தாள், அதனால் வெள்ளிக்கிழமை உதிரி ஆள் இல்லாமல் போனது, ரூபனைப் பட்டியலில் போட்டு அனுப்பியது, எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை எழுதி, அதைக் கேட்க என்ன உரிமை என்று இரண்டு தடவையும் அழித்துவிட்டாள்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. எனிட் வாசலிலேயே நின்று படித்தாள்.

"அந்த வியாழக்கிழமை ரூபனுக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்பாவின் சைக்கிளைக் கேட்காமல் விற்றுவிட்டான். இனி வீட்டுப் பக்கம் வராதே என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு வீம்புக்குத் தானே பெயர் கொடுத்துப் போனான் என்றுதான் முப்பத்துநாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவனைப் பட்டியலில் போட்டு அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா? நீங்கள் ஒரு தடவை இரக்கப்பட்டுப் பொய் எழுதியவர் என்பதால் கேட்கிறேன்."

எனிட்டுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, தன்மேலேயே. கேள்வி நியாயமானது. அவள் வார்த்தை இனி போதாது.

மறுநாள் காலை முதல் ரயிலில் லண்டன் போனாள். பதிவேட்டை முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். எட்டுப் பெயர் இருந்த தாளை வேகமாகத் தள்ளினாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்தாள். இரண்டாம் பாகத்தில், "சார்ஜன்ட் பாஸ்க், மாற்று ஆள், மதியம் 2.10-க்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்." முதல் பாகத்தில், அன்றைய நாட்குறிப்பின் கடைசியில், யாருக்கும் வேண்டாத ஒரு வரி: "தபால் வண்டி காலையில் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அன்றைய தபால் மாலை நாலு மணிக்குத்தான் தளத்துக்கு வந்தது. ஓட்டுநருக்குக் காயமில்லை, வாய் மட்டும் ஓயவில்லை."

இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து ஒரே உறையில் வைத்தாள். கூடவே ஒரு சீட்டு எழுதினாள்.

"நேரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதியபோது உங்களை எனக்குத் தெரியாது. உங்கள்மேல் நான் இரக்கப்பட வழியே இல்லை. உங்கள் கடிதம் வந்தபோது அவன் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது."